பத்மா அக்காவும் மூன்றாம் கொட்டகையின் விளக்குகளும்

கைப்பேசி நிற்காமல் அடித்ததைத்தான் முதலில் கவனித்தேன். பத்மா அக்கா எப்போதும் இரண்டு மணி அடிக்கவிட்டுத் துண்டித்துவிடுவார். எனக்குப் போனில் பேச வராது என்று அவருக்குத் தெரியும். இரண்டு மணி என்றால் "வாரேன், கேட்டைத் திற" என்று அர்த்தம். அன்று காலை திரையில் அவர் பெயர் தெரிய, மூன்று, நான்கு, ஐந்து என்று அடித்துக்கொண்டே இருந்தது. தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். அவருடைய அண்ணன் பேசினார். "பத்மா போயிட்டாம்மா. டெங்கி. நாலு நாளுதான் படுத்திருந்தா." நான் "சரி" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் ஒரு சொல்கூட வரவில்லை. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

ஈப்போவில் அக்காவைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டு மின்விசிறியைப் பழுது பார்த்திருப்பார், கோயில் திருவிழாவுக்கு விளக்குக் கட்டியிருப்பார். பெண் வயர் வேலை பார்ப்பதா என்று கேட்டவர்களிடம், "கரண்டு ஆளு பாத்து அடிக்காது" என்று சொல்வாராம். ஆனால் லகாட்டைத் தாண்டி இருக்கும் எங்கள் கோழிப்பண்ணையில் அவர் என்ன செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதற்காகவே எழுதுகிறேன்.

பண்ணை இருக்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம். வேலி ஓரத்தில் இன்னும் சில மரங்கள் நிற்கின்றன. அம்மாவும் நானும் அங்கேயே வேலை செய்கிறோம், பண்ணை கொடுத்த வீட்டில் இருக்கிறோம். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டேன். எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒருநாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை. கோழிகளுக்கு எதையும் வாசித்துக் காட்டத் தேவையில்லை.

சென்ற ஆண்டு, மூன்றாம் கொட்டகையின் பழைய குழல் விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போடச் சொன்னார் பண்ணை முதலாளியான தவுக்கே. மேற்பார்வை பார்க்கும் ராஜன் அண்ணன், வீடுகளில் போடும் சாதாரணப் பல்புகளை வாங்கி வரிசையாக மாட்டினார். நன்றாகத்தான் எரிந்தன. அந்தக் கொட்டகை முழுதும் மூடியது, சன்னல் கிடையாது. நண்பகலிலும் உள்ளே விளக்கு வெளிச்சம்தான்.

புதுக் கோழிகள் வந்து சில நாள் கழித்து, ஒரு மத்தியானம் கதவைத் திறந்தேன். சத்தமே இல்லை. அத்தனை ஆயிரம் கோழிகள் இருக்கும் இடத்தில் பெரிய மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. கோழிகள் மேற்குக் கோடியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நடுத்தரை வெறுமையாகக் கிடந்தது. யாரோ ஒருவர் அங்கே நிற்கிறார், அவருக்கு இடம்விட்டு இவை ஒதுங்கியிருக்கின்றன என்பது போல இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தன. நானும் பார்த்தேன். கூரையும் விளக்குகளும்தான் இருந்தன.

மறுநாள் அந்தக் குவியலின் அடியில் மூச்சு முட்டிச் செத்தவற்றைப் பொறுக்கினோம். அடுத்த நாளும் அப்படியே.

"முன்ன இந்த எடத்துலதான் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற கட்டடம் இருந்துச்சு," என்றார் ராஜன் அண்ணன். "தீப்புடிச்சு ஒருத்தன் உள்ளயே போயிட்டான்னு எங்கப்பா சொல்வாரு. அவன்தான் நிக்கிறான் லா." வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டிக் கற்பூரம் கொளுத்தினார். சாவு நிற்கவில்லை. பிறகு பேச்சு என் பக்கம் திரும்பியது. தீவன லாரி ஓட்டுபவர்தான் தொடங்கினார். "இந்தப் பொண்ணு உள்ள போனாதான் கோழி ஊமையாவுது. இதுவும் வாயத் தொறக்காது, அதுங்களும் தொறக்காது. ரெண்டு பேரையும் ஒரே ஆளுதான் புடிச்சிருக்கான்." எல்லாரும் சிரித்தார்கள். ராஜன் அண்ணன் சிரிக்கவில்லை. அன்று மாலை அம்மாவிடம் வந்து, என்னைக் கொஞ்ச நாள் தெலுக் இந்தானில் சொந்தக்காரர் வீட்டில் விடச் சொன்னார். என்னைத் தனியே அனுப்ப அம்மா சம்மதிக்கமாட்டார். இருவரும் போனால் வேலையும் வீடும் போய்விடும். அதைவிட மோசம், நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன். கதவைத் திறக்குமுன் மூச்சை அடக்கிக்கொள்வேன், உள்ளே இருப்பவனுக்கு நான் வந்தது தெரியக்கூடாதென்று.

அந்த வாரம்தான் மின்விசிறி மோட்டாரைப் பார்க்கப் பத்மா அக்கா வந்தார். கதையைக் கேட்டார். "பேயா? நல்லதா போச்சு. சம்பளம் கேக்காத ஆளு," என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். விளக்கையும் வயரையும் அவர் பார்க்கவே இல்லை. அரைமணி நேரம் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல கோழிகிட்ட கேளு தங்கச்சி. மனுசன் சொல்றதெல்லாம் அப்பறம்," என்றார்.

பிறகு கைப்பேசியின் கேமராவைத் திறந்து ஒரு பல்பின் பக்கம் பிடித்தார். திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. தரையின்மீது, கோழிகளின்மீது, அவர் கேமராவைத் திருப்பியபோது என் முகத்தின்மீது, ஒன்றன்பின் ஒன்றாக மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தன. கைப்பேசியைத் தாழ்த்தினால் ஒன்றுமில்லை, நல்ல வெளிச்சம்.

"இந்தப் பல்பு விடாம அணைஞ்சு அணைஞ்சு எரியுது. நம்ம கண்ணு மெதுவு, தெரியாது. கோழிக் கண்ணு வேகம். நாள் பூரா எவனோ ஒருத்தன் கண்ணு முன்னால சுவிட்சத் தட்டிக்கிட்டே இருந்தா நீ என்னா பண்ணுவ? இருட்டத் தேடித்தான் ஓடுவ."

கேட்டபோது எனக்கு நிம்மதி வரவில்லை, உடம்பு சிலிர்த்தது. எங்கள் யார் கண்ணுக்கும் தெரியாத ஒன்று உண்மையாகவே அங்கே இருந்திருக்கிறது. கோழிகள் பொய் சொல்லவில்லை.

வெளியே வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். "கோழிங்க இந்தப் பொண்ணப் பாத்து ஒண்ணும் பயப்படல. அண்ணே வாங்குன பல்பப் பாத்துத்தான் பயப்படுது."

"அலாமக்! பேய விட்டுட்டு என்னைப் புடிச்சிட்டியா?" என்றார் ராஜன் அண்ணன்.

விளக்கு வாங்க என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போனார். கடைக்காரரை அக்கா பாய் என்று கூப்பிடுவார். கடையில் இருந்த எல்இடி ஒவ்வொன்றையும் எரியவிட்டு, கேமராவில் பார்த்து, வெளிச்சத்தைக் குறைக்கும் திருகில் இணைத்து மெல்ல மெல்லக் கடைசிவரை இறக்கினார். முழு வெளிச்சத்தில் நல்ல பிள்ளையாக இருந்த சில, பாதியில் நடுங்கின. அவற்றை ஒதுக்கினார். கண்ணைக் குத்தும் நீல வெள்ளையை ஒதுக்கினார். ரப்பர் வளையம் வைத்து நன்றாக மூடாததை ஒதுக்கினார். ஒவ்வொரு தடவை கோழிகள் விற்றுப் போனபிறகும் கொட்டகையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவோம், எச்சத்தின் காரம் வேறு உலோகத்தை அரித்துவிடும்.

"என்னாம்மா, பல்புக்கு மாப்பிள்ளை பாக்க வந்தியா? இத்தனை குத்தம் சொல்ற," என்றார் பாய்.

"மாப்பிள்ளைன்னா நான் ஏமாந்துக்குவேன் பாய். கோழி ஏமாறாது."

ஒரு வரிசைக்கு மட்டும் முதலில் வாங்கினார். மாட்டிய பிறகு என்னை நடுவில் நிற்கச் சொல்லித் தரையைக் காட்டினார். "உன் நிழலு சுத்திலும் ரெண்டு மூணா மங்கலா விழணும். ஒத்தை நிழலு கறுப்பா விழுந்தா வெளக்குக்கு வெளக்கு எடம் அதிகம்னு அர்த்தம். கோழி அந்த இருட்டுல போயிக் குவியும்." மறுநாள் அந்த வரிசையின் கீழே கோழிகள் பரவி நின்றன. மற்ற வரிசைகளும் மாறிய பிறகு கொட்டகைக்குச் சத்தம் திரும்பியது. தெலுக் இந்தான் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அக்காவை எடுத்த அன்று பிற்பகல் பெரிய இடி. நாங்கள் எல்லாரும் சுடுகாட்டில் இருந்தோம். திரும்பி வந்தபோது மூன்றாம் கொட்டகையின் நடு வரிசையில் சில விளக்குகள் போயிருந்தன. கூப்பிட ஆள் இல்லை. ராஜன் அண்ணனே லகாட்டில் நான்கு பல்புகள் வாங்கி மாட்டினார். அவர் கெட்டவர் இல்லை, பாடையைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தால் சத்தமே இல்லை. நடுத்தரை வெறுமையாக இருந்தது. கோழிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்தன.

எனக்குப் பின்னால் வந்த ராஜன் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டார். "பத்மாதான்," என்றார் மெதுவாக. "அவ மாட்டுன வெளக்கு. விட்டுப் போக மனசில்ல." மாலைக்குள் பண்ணை முழுதும் அதே பேச்சு. பாகான் செராயிலிருந்து பேய் ஓட்டும் ஒருவரை வரவழைத்து அக்காவைக் கட்டி அனுப்புவதென்று முடிவாயிற்று. அம்மாகூட என் நெற்றியில் திருநீறு பூசி, "அவ பேரச் சொல்லாத," என்றார். உயிரோடு இருந்தபோது எங்களைக் காப்பாற்றியவரின் பெயரை மூன்றே நாளில் சொல்லக்கூடாத பெயராக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் நான் தனியாக உள்ளே போய் அந்த வெறுந்தரையில் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன். அது அக்காவாகவே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இருந்தால் அன்று போனில் சொல்லாததை எல்லாம் சொல்லியிருப்பேன். பின்கழுத்தில் காற்று பட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமலிருக்கவும் பயமாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கோழிகளைப் பார்த்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை, வேறு யாரையும் பார்க்கவில்லை. அந்த நான்கு பல்புகளைத்தான் பார்த்தன. கைப்பேசியை உயர்த்தினேன். மற்ற விளக்குகளின் கீழே திரை தெளிவாக இருந்தது. நான்கின் கீழே மட்டும் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான். பயம் வந்தால் ஓடாமல் அதன் முன்னால் உட்கார்ந்து, யார் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று கேட்பது. வயர் வேலை எனக்குத் தெரியாது. இது தெரியும்.

வெளியே ராஜன் அண்ணன் பாகான் செராய்க்காரரிடம் போனில் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். லாரிக்காரர் பக்கத்தில் நின்றார். நான் போய் எதிரே நின்றேன்.

"அண்ணே, அது பத்மா அக்கா இல்ல."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "என்னா?"

"நீங்க மாட்டுன நாலு பல்பு. அக்கா இல்ல."

"அட, ஊமை பேசுது லா!" என்றார் லாரிக்காரர்.

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய், கோழிகள் மிரளாதபடி நடு வரிசையின் வெளிச்சத்தை மெல்ல மெல்ல இறக்கி அணைத்தேன். ஏணியைச் சாய்த்து ஏறி, முதல் பல்பைக் கழற்றினேன்.