டைல்ஸ் கிடங்கு வளைவில் ஒரு விளக்கு

நகராட்சியில் அவளை எல்லோரும் லைட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருவிளக்குப் பிரிவில் ஏணி வண்டியில் ஏறி வேலை செய்யும் ஒரே பெண் அவள். முதலில் கேலிக்கு வைத்த பெயர்தான். பிறகு சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொன்னால் "அது யாருப்பா?" என்று கேட்கும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாத ஒரு காலம் அவளுக்கு வந்தது. இது அந்தக் காலத்தின் கதை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியும் அவன் மனைவியும் இருந்த வீட்டின் மாடி அறையில் இருந்தாள். தம்பி நகரப் பேருந்து ஓட்டுகிறவன். பேச்சு கொஞ்சம் நீளம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அன்றைக்கு ஏறிய பயணிகள் எல்லோரையும் பேச்சிலேயே இறக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

மழை தூறிய ஒரு மாலையில், சுற்றுச்சாலை வளைவில், அவன் ஓட்டிய பேருந்து ஒரு காய்கறித் தள்ளுவண்டியை இடித்தது. வண்டிக்காரருக்குக் கால் எலும்பு முறிந்தது. உயிர் தப்பினார். வளைவுக்கு நேர் எதிரே ஒரு டைல்ஸ் கிடங்கு. அதன் மதில் மேல், சாலையைப் பார்த்தபடி, மைதானத்தில் எரிவது போன்ற பெரிய விளக்கு.

"அந்த லைட்டு நேரா கண்ணுல அடிச்சுது. ஒரு நொடி எல்லாம் வெள்ளையாயிடுச்சு. அவ்வளவுதான்க்கா" என்றான் தம்பி. போலீசிடமும் டிப்போவிலும் வீட்டிலும் இதையே சொன்னான். பிறகு அவன் பேச்சே நின்றுபோனது. மற்ற டிரைவர்களும் அந்த விளக்கைத் தினமும் திட்டியவர்கள்தான். ஆனால் அதிகாரி கேட்டபோது, "எங்களுக்குப் பழகிடுச்சு சார்" என்று நழுவிவிட்டார்கள். அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி அழுதுகொண்டிருந்தாள். லைட்டக்கா மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு டியூப்லைட் மினுக்கு மினுக்கென்று எரிந்தது. ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டும் என்று நினைத்தாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் அப்படித்தான். கை வேலை செய்தது, வாய் சாப்பிட்டது, கால் மாடிப்படி ஏறியது. தன்னை யாரோ பக்கத்து அறையிலிருந்து இயக்குவது போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி புது விதி கொண்டுவந்தது. கடை, கிடங்கு, வீடு எதுவாக இருந்தாலும் வெளிவிளக்கின் வெளிச்சம் சொந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. விளக்குக்குத் தகரக் குடை போட வேண்டும், முகம் தரையைப் பார்க்க வேண்டும், கடை மூடிய பிறகு அணைக்கவோ குறைக்கவோ வேண்டும். முதல் தடவை நகராட்சியே ஆள் அனுப்பி இலவசமாகச் சரிசெய்து கொடுக்கும். பிறகும் மீறினால் அபராதம்.

"இத்தனை வருஷம் லைட்டு எரியலன்னு திட்டு வாங்கினோம். இனிமே எரியுதுன்னு திட்டு வாங்கணும்" என்றான் ஏணி வண்டி ஓட்டும் மீசைக்காரன். "நீ பொறந்த நேரம்யா" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். லைட்டக்காவும் சிரித்தாள். எங்கே சிரிக்க வேண்டும் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

தம்பியின் வழக்கை விசாரிக்கும் அதிகாரி அடுத்த வியாழக்கிழமை, இருட்டிய பிறகு, வளைவை நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பல நாள் கழித்துத் தம்பி வாயைத் திறந்தான்.

"அவரு ஒரு தடவை அந்த வெளிச்சத்துக்கு முன்னால நின்னாப் போதும்க்கா. நான் ஒண்ணுமே பேச வேண்டியதில்ல."

திங்கட்கிழமை மதியம் சூப்பர்வைசர் அன்றைய வேலையைச் சொன்னார். "இன்னிக்கு டைல்ஸ் கிடங்கு. முதலாளியே போன் பண்ணி, எங்களுதை முதல்ல முடிச்சிடுங்கன்னு கேட்டாரு. தானா வந்து கேட்ட முதல் ஆளு."

லைட்டக்கா கையுறையைப் போட்டுக்கொண்டே, "அதை மட்டும் வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா சார்?" என்றாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் விஷயம் தெரியும். தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த வளைவுல பஸ் ஓடாதாம்மா?" என்றார்.

அவள் மறு கையுறையையும் போட்டுக்கொண்டாள். வண்டியில் ஏறினாள்.

பொழுது சாயும் நேரத்தில்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் திருப்ப வேண்டும். அவள் முதலில் சாலையில் நின்று அந்த விளக்கைப் போனில் படம் எடுத்தாள். படத்தில் ஒரு வெள்ளைப் பூசணிக்காய்தான் தெரிந்தது. எந்த ஊர் விளக்கும் படத்தில் அப்படித்தான் இருக்கும். மேலே ஏறினாள். போல்ட் துருவேறி இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு, ஸ்பானரை மாட்டி, உடம்பு பாரத்தைக் கொடுத்து இழுத்தாள். கிரீச்சென்று ஒரு சத்தம். பிறகு சுலபமாகவே திரும்பியது. சாலையிலிருந்து வெளிச்சம் மெல்ல மதில் ஏறி, உள்ளே இறங்கி, அடுக்கிய பெட்டிகள் மேல் விழுந்தது. குடையை மாட்டினாள். இவ்வளவுதான் வேலை. ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

கிடங்கு முதலாளி வெளியே வந்து பார்த்தார். "அட, என் சரக்கு இப்பத்தான் எனக்கே தெரியுது! ரோட்டுக்கு அடிச்சாத்தான் கஸ்டமர் வருவான்னு எவனோ சொன்னான். நானும் கேட்டுக்கிட்டு இத்தனை வருஷம் கரண்ட் பில்லு கட்டினேன்." அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். "அந்த லைட்டை நான்தான் இன்னிக்குத் திருப்பினேன்."

தம்பி சுவரைப் பார்த்தான். அவன் மனைவிதான் பேசினாள். "நல்லாருக்கு அண்ணி. ஊர் லைட்டையெல்லாம் குனிய வைக்கிறீங்க. உங்க தம்பி தலையும் சேர்ந்து குனியட்டும்."

"விடு" என்றான் தம்பி. "அக்கா திருப்பலன்னா வேற யாராவது திருப்பியிருப்பாங்க."

"வேற யாராவது திருப்பியிருந்தா எனக்கு இப்படி இருந்திருக்காதே" என்றாள் அவன் மனைவி.

லைட்டக்கா மாடிக்குப் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. துவைத்த துணியை மடித்து வைத்தாள்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். குடும்பஸ்தர், கையில் குடை, முகத்தில் நாள் முழுக்க அலைந்த களைப்பு. தம்பி கை கட்டி நின்றான். லைட்டக்கா பக்கத்தில் நின்றாள். வளைவு அமைதியாக, தெருவிளக்கின் இதமான வெளிச்சத்தில் கிடந்தது. சாலையோரக் கோடு, நடைபாதை, அதில் போகிறவர்களின் கால்கள் வரை பளிச்சென்று தெரிந்தன.

"நல்லாத்தானே தெரியுது?" என்றார் அதிகாரி.

"அன்னிக்கு இப்படி இல்ல சார்" என்று அவள் படத்தைக் காட்டினாள்.

"படத்துல எல்லா லைட்டும் இப்படித்தாம்மா இருக்கும். மத்த டிரைவருங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே."

"இதைத் திருப்பினது நான்தான் சார். ஒரே ஒரு நிமிஷம், பழையபடி ரோட்டுப் பக்கம் வச்சுக் காட்டுறேன். நீங்களே பாருங்க."

வேடிக்கை பார்க்க வந்து நின்ற கிடங்கு முதலாளி பதறிவிட்டார். "எம்மா, சுவரைத் தாண்டினா அபராதம்னு நீதானே சொல்லிட்டுப் போன? இப்ப நீயே வந்து தாண்ட வைக்கிறேங்கிறியே!"

அதிகாரியும் வேகமாகக் கையை ஆட்டினார். "அதெல்லாம் வேண்டாம்மா. வண்டி போய்க்கிட்டே இருக்கு. எவனாவது கண்ணு கூசி, வந்து இடிச்சிட்டான்னா யாரு பதில் சொல்றது?"

ஒரு பேருந்து வளைவில் திரும்பிப் போனது. அதன் சத்தம் அடங்கியதும் தம்பி மெதுவாகச் சொன்னான்.

"அதைத்தான் சார் நானும் சொன்னேன்."

அதிகாரி அவனை ஒரு முறை பார்த்தார். பிறகு குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "சரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தம்பி சொன்ன அந்த வார்த்தையால்தானோ என்னவோ, அவனுக்கு வேலை போகவில்லை. ஆனால் ஸ்டியரிங் போய்விட்டது. இனி பேருந்து ஓட்டக் கூடாது, டிப்போவில் வண்டி கழுவும் பிரிவில் இருக்க வேண்டும் என்று முடிவானது. செய்தி வந்த அன்று அவன் மனைவி, "வேலையாவது மிஞ்சுச்சே" என்று சொல்லி அடுப்பைப் பற்ற வைத்தாள். தம்பி சரி என்றான். லைட்டக்காவும் சரி என்றாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பேருந்தில் ஏறிய யாரையும் அன்றைக்கு யாரும் இறக்கிவிடவில்லை.

சில மாதம் கழித்து டிப்போவைச் சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். டிப்போ வளாக விளக்கு ஜன்னல் வழியாக வந்து படுக்கையில் விழுகிறது, பிள்ளைகள் தூங்குவதில்லை என்றார்கள். லைட்டக்காவை அனுப்பினார்கள். இரண்டு பேருந்துகளுக்கு நடுவே ஏணி வண்டி நுழைய இடமில்லை. கைஏணியைச் சுவரில் சாய்த்தாள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவன் வந்து ஏணியைப் பிடித்தான். தம்பிதான். முழங்கை வரை சோப்பு நுரை.

"வழுக்குதுக்கா. பாத்து ஏறு."

ஏறினாள். ஸ்பானரை மாட்டினாள். இழுக்கும் முன் குனிந்து பார்த்தாள்.

"திருப்பட்டுமா?"

"என்னைக் கேக்குற?"

"உன்னைத்தான்."

அவன் ஏணியைப் பிடித்திருந்த கையை ஒரு முறை சட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடி பிடித்தான்.

"திருப்பு" என்றான்.

வெளிச்சம் ஜன்னல்களை விட்டு நகர்ந்து, ஈரத் தரையில் இறங்கி, அவன் பூட்ஸ் மேல் வந்து நின்றது. அப்போது ஒரு பேருந்தைப் பின்னால் எடுத்தார்கள். தம்பி ஏணியை ஒரு கையால் பிடித்தபடியே மறு கையைத் தூக்கி, "வா, வா, வா... போதும்!" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தான். பேருந்து திரும்பி வாசல் தாண்டிப் போனது. அது சாலையில் ஏறும் வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

லைட்டக்கா போல்ட்டை இறுக்கினாள்.