வானத்தில் இருப்பதாக நினைத்தோம்

அம்மா போன அன்று காலை, எங்கள் அவிநாசி வீட்டில் அவளைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டொரண்டோவுக்கும் கோயம்புத்தூருக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் தேடினேன். பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினாறு பதினேழு மணி நேரம் என்றது. நடுவில் எங்கும் இறங்காமல் பறந்தால். அப்படி ஒரு விமானமே கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. பனியன் ஏற்றுமதி கம்பெனியில் தலை நரைத்தவன் என்பதால் எனக்குத் தெரியும். நான் சென்னையைத் தாண்டிப் பறந்ததில்லை. என் பனியன்கள் என்னைவிட உலகம் பார்த்தவை.

டொரண்டோவில் இருப்பவள் என் தங்கை. அவள் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றுதான், மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுப்பதாக முடிவு செய்தோம். அவளிடம் பேசியவர் சித்தப்பா. முதலிபாளையத்தில் தையல் யூனிட் நடத்துகிறவர்.

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எடுக்கறோம் சாமி. கெடைக்கற பிளேனப் புடிச்சு வந்து சேரு."

அவர் போனை வைத்ததும், "அஞ்சுன்னுதானுங்க சித்தப்பா பேசுனோம்?" என்றேன்.

"அஞ்சுன்னா ஏழுக்கு வருவா. பன்னெண்டுன்னாத்தான் அஞ்சுக்கு வருவா. நீயெல்லாம் எப்படித்தான் ஷிப்மெண்ட் அனுப்பறயோ!"

எங்கள் ஊரில் இதற்குப் பொய் என்று பெயரில்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு இருபதாம் தேதி என்றால் தையல் யூனிட்டுக்குப் பதினைந்து என்போம். அவர்கள் கட்டிங்காரரிடம் பத்து என்பார்கள். யாரும் யாரையும் நம்புவதில்லை. சரக்கு மட்டும் கப்பல் ஏறிவிடும்.

அதன்பின் தங்கையிடமிருந்து பேச்சில்லை. "பிளேன் ஏறியிருப்பா" என்றார் சித்தப்பா. துக்கத்துக்கு வந்தவர்கள், "பாப்பா எங்க வந்துட்டிருக்குது?" என்று என்னைத்தான் கேட்டார்கள். நானும் சரக்கைத் தொடர்ந்து பழகிய தோரணையில் அவளை ஐரோப்பா தாண்ட வைத்தேன், துபாயில் இறக்கினேன், மும்பையில் மாற்றி ஏற்றினேன்.

மறுநாள் கோயம்புத்தூர் பீளமேடு ஏர்போர்ட்டில் நின்றேன். மூன்று மணிக்கு மும்பை விமானம் வந்தது. டிராலி தள்ளிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கூட்டம் ஓய்ந்த பிறகு அவளைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

"எங்க கண்ணு இருக்கற?"

"டொரண்டோ ஊட்டுலதானுங்கண்ணா." அழுது ஓய்ந்த குரல். "கெடைச்ச டிக்கெட்டு மூணு மணிக்குத்தான் கோயமுத்தூருக்கு வருது. எனக்காக அம்மாவக் காக்க வெக்க வேண்டாம், வீடியோல காட்டுங்கன்னு சித்தப்பாவுக்கு மெசேஜ் போட்டனே. நம்மூரு பன்னெண்டு மணில இருந்து போனையே பாத்துட்டு உக்காந்திருக்கறேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களாண்ணா?"

அவள் ஏறாத விமானத்தில் வந்தவர்கள் என் எதிரே டாக்சிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா இன்னும் ஊட்டுலதான் இருக்குது கண்ணு. அஞ்சு மணிக்குத்தான் எடுக்கறது."

போனை வைக்காமலே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சித்தப்பா தன் போனைத் துழாவினார். பட்டன், நூல், ஜிப் மெசேஜ்களுக்கெல்லாம் அடியில், முந்தின நாளிலிருந்து பிரிக்கப்படாமல் கிடந்தது அவள் செய்தி. நான் பெட்டியின் மேல் போனைப் பிடித்தேன்.

"டியூப் லைட்டுதானுங்கண்ணா தெரியுது" என்றாள் தங்கை.

சித்தப்பா தோள் துண்டால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். அப்படியும் தெரியாமல், மூடியையே தூக்கிப் பிடித்துக்கொண்டார். வாசலில் சங்கு ஊதுகிறவர் எழுந்து நிற்க, அவரைக் கையமர்த்தினார்.

"அவசரமில்ல சாமி" என்றார் போனைப் பார்த்து. "எத்தன நேரம் வேணுமோ பாரு."