நிகழ்ச்சி நிரலில் கடைசியாக உதயகுமார்

காஞ்சிபுரத்தில் நான் சால்வைக் கடை வைத்திருக்கிறேன். பட்டுக்குப் பேர் போன ஊரில் பாலியஸ்டர் சால்வை விற்றுப் பிழைக்கிறாயே என்று கேட்காதவர் இல்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். மேடையில் பட்டுச் சால்வை வாங்கிப் போர்த்தும் அளவுக்கு இந்த ஊரில் எவனும் எவனையும் மதிப்பதில்லை. என் கடை அதனால்தான் ஓடுகிறது.

உதயகுமாரை எனக்குத் தெரிந்ததும் இந்தச் சால்வையால்தான். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். தறியில் உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து பக்கத்துத் தறிக்காரரிடம் பேசப் போய்விடுவான். பேசுவதற்கு எங்கேயாவது கூலி கொடுத்தால் அங்கே போய்ச் சேர் என்று அவன் அப்பா வெறுத்துப்போய்ச் சொன்னாராம். கொடுக்கவும் ஒரு இடம் இருந்தது. பட்டு உற்பத்தியாளர் சங்கத்தில் கூட்டம் ஏற்பாடு செய்கிற வேலை. ஹால் பிடிப்பது, என் கடையில் சால்வை வாங்குவது, வெளியூர் வியாபாரிகளை ரயிலடியிலிருந்து அழைத்து வருவது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது, கோபித்துக்கொண்டு போகிறவர்களை வாசலில் மடக்கி உள்ளே கொண்டுவருவது எல்லாம் அவன் பொறுப்பு. சேர்த்தபோது தற்காலிகம் என்றார்கள். அவனுக்குக் கல்யாணமாகி, மகள் அபிநயா ஏனாத்தூரில் காலேஜுக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவன் தற்காலிகம்தான்.

சங்கத்தார் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் என் வாடிக்கைக்காரர்கள். வருஷா வருஷம் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில், ‘திரு. உதயகுமாரைப் பணி நிரந்தரம் செய்வது குறித்து’ என்று கடைசி வரியில் மறக்காமல் போடுவார்கள். கூட்டம்தான் அந்த வரி வரைக்கும் போனதில்லை.

பொதுக்குழு அமாவாசையன்று கூடும். அன்றுதான் தறிகளுக்கு ஓய்வு. ஆரம்பித்ததும் மரியாதை செய்வார்கள். பெரிய காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருக்குச் சால்வை விழுந்தால், அடுத்தது சின்ன காஞ்சிபுரத்துக்காரருக்கு விழுந்தாக வேண்டும். முதல் சால்வை யாருக்கு என்ற பேச்சு, எந்தக் கோயில் உற்சவத்தில் எந்த நாள் யார் வீட்டு உபயம் என்பது வரை போகும். இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் வாசலில் போகிறவரைக் கூப்பிட்டாவது சரிக்கட்டுவார்கள். அப்படி ஒருமுறை சால்வை வாங்கியவர் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர். அவர் நன்றியுரையும் ஆற்றினார். இதெல்லாம் முடிவதற்குள் சமையல்கட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வந்துவிடும். மற்றவை அடுத்த கூட்டத்தில் என்று தலைவர் பரமசிவம் அறிவிப்பார். இலை போடுவார்கள்.

உன் விஷயத்தை முதல் வரியில் போட்டுவிட வேண்டியதுதானே என்று அவன் மனைவி அகிலா கேட்பாள். நிரலை டைப் அடிக்கக் கொடுப்பவனே அவன்தான். தன் விஷயத்தைத் தானே முதலில் போடுவது மரியாதையாக இருக்காது என்று சொல்லிவிட்டான். அகிலா தறிக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் நிரந்தர வேலை என்று இருந்தது அவள் தறி ஒன்றுதான்.

போன வருஷம் தலைவரிடம் நேராகவே கேட்டான். முறைப்படி ஏதாவது படித்துவிட்டு வந்தால் பேசுவதற்குத் தோதாக இருக்கும் என்றார் அவர். இந்த ஊரில் ‘பேசுவோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உதயகுமாருக்கும் தெரியும். ஆனாலும் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில், வியாபாரக் கூட்டங்கள் நடத்துகிறவர்களுக்கான பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்தான்.

அங்கே நடந்ததை அவனே என் கடையில் உட்கார்ந்து சொன்னான். முதலில் எல்லாரும் தங்களை ஒரு மிருகமாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமாம். கூச்சம் போவதற்காம். எனக்குத் தெரிந்து உதயகுமாருக்கு இல்லாத ஒரே வியாதி கூச்சம். பிறகு பயிற்சி கொடுத்த அம்மாள், உங்கள் கூட்டத்தின் நோக்கம் என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார். வளர்ச்சி, விழிப்புணர்வு, உறவுப்பாலம் என்று ஆளாளுக்கு அள்ளிவிட்டிருக்கிறார்கள். இவன் முறை வந்ததும் யோசித்துவிட்டு, சாப்பாடு என்றிருக்கிறான். சரி, போன கூட்டத்தில் கிடைத்த பலன் என்ன என்று கேட்டதற்கு, யாரும் சண்டை போடவில்லை என்றிருக்கிறான். வகுப்பே சிரித்ததாம். அவனும் சேர்ந்து சிரித்தானாம்.

ஆனால் ஒரு விஷயம் அவனுக்குள் இறங்கிவிட்டது. நோக்கத்துக்கு உதவாததை எல்லாம் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டால், எந்தக் கூட்டமும் கடைசி வரி வரை போய்ச் சேரும் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். சான்றிதழோடு, கழுத்தில் நாடா போட்டுத் தொங்கவிடும் அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். அதைக் கழற்றாமல் கீரை வாங்கப் போனான். கீரைக்காரம்மா அவனைத் தேர்தல் ஆபீசர் என்று நினைத்து, தன் பெயர் பட்டியலில் விட்டுப்போனதைப் பற்றி முறையிட்டாளாம். அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தான்.

இந்த வருஷக் கூட்டத்துக்கு அவன் போட்ட திட்டத்தைப் பாராட்டத்தான் வேண்டும். சால்வையை நிறுத்த முடியாது, நிறுத்தினால் ரத்தக்களறி. அதனால் கூட்டத்துக்கு முந்தைய வாரமே உறுப்பினர்கள் வீடு வீடாகப் போய்ச் சால்வை போர்த்தினான். ஒவ்வொருவர் காதிலும், உங்களுக்குத்தான் முதலில், வெளியே சொல்லாதீர்கள் என்றான். எல்லாருமே முதல்வர் ஆனார்கள். ஒருவரும் வெளியே சொல்லவில்லை. எனக்கும் வியாபாரம் குறையவில்லை.

அமாவாசையன்று நானும் போயிருந்தேன். எனக்கு ஓட்டு கிடையாது, இலை உண்டு. உதயகுமார் அட்டையும் கழுத்துமாக ஒரு மேசை மணியோடு நின்றான். ஒருவர் பேச வேண்டிய நேரம் முடிந்ததும் மணியைத் தட்டினான். முதல் மணிக்குக் கூட்டம் திடுக்கிட்டது. அடுத்த மணிக்குப் பழகிவிட்டது. சரிகையைப் பரிசோதித்து வாங்குவது பற்றி முடிவெடுத்தார்கள். டூரிஸ்ட் பஸ்களைத் தரகர்கள் மடக்கிக்கொண்டு போவது பற்றியும் முடிவெடுத்தார்கள். பல வருஷமாக ஊறிக்கிடந்த விஷயங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. தலைவர் தன் கைக்கடிகாரம் நின்றுவிட்டதோ என்று உதறிப் பார்த்தார். சமையல்கட்டில் அரிசி இன்னும் களையவே இல்லை.

கடைசி வரி வந்தது. உதயகுமாரே வாசித்தான். எந்தக் கூட்டத்திலும் அடங்காத அவன் குரல் தன் பெயர் வந்த இடத்தில் அடங்கிவிட்டது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, உண்மையாகவே பெருமையாக இருந்தது.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த விஷயத்தைப் பற்றி யாரும் இதுவரை யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய கட்டத்துக்கு அது வந்ததே இல்லை. இன்றைக்கு யோசிக்க நேரம் நிறைய மிச்சம் இருந்தது. வேலையில்லாமல் நேரம் மிச்சமானால் மனிதர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். செயலாளர் சீனிவாசன் எழுந்தார்.

“உதயா மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லைப்பா. ஆனா இன்னிக்குப் பாத்துக்கினுதானே இருந்தோம்? மணி அடிச்சா பேசறோம், மணி அடிச்சா உக்கார்றோம். கூட்டம் தன்னால நடக்குது. இதுக்குன்னு ஒரு ஆளை நிரந்தரமா வெக்கணுமான்னு கேக்கறேன்.”

கேட்டதில் நியாயம் இருப்பதாகப் பெரிய காஞ்சிபுரத்தார் சொன்னார்கள். சின்ன காஞ்சிபுரத்தாரும் ஆமாம் என்றார்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போனதை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன். நிரந்தரம் மட்டுமில்லை, அந்த வேலையே வேண்டாம் என்று பேச்சு தானாக வளர்ந்தது. ஊரையே கூட்டி வைத்துக் கலவரம் நடந்தவரைக்கும் அதைச் சமாளிக்க ஒருவன் வேண்டியிருந்தான். இப்போது அவன் ஒழுங்காகச் செய்துகாட்டிவிட்டான், அதுதான் அவன் செய்த தப்பு.

நான் பின்வரிசையிலிருந்து கையைக் காட்டினேன். சாப்பாடு தயார் என்று ஒரு வார்த்தை சொல் என்று சைகை செய்தேன். அந்த ஒரு பொய்யில் எல்லாரும் எழுந்திருப்பார்கள், விஷயம் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும், அவன் பிழைத்துக்கொள்வான். அவனுக்குப் புரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தான். எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

“இன்னும் டைம் இருக்குது. ஓட்டுக்கு விட்றலாம்,” என்றான் மைக்கில்.

அந்த வேலையே வேண்டாம் என்பதற்குக் கைகள் உயர்ந்தன. அவனே வரிசை வரிசையாக நடந்து எண்ணினான். பின்வரிசையில் பாதி உயர்ந்து நின்ற ஒரு கையைப் பார்த்து, தூக்கறீங்களா இல்லையா என்று விசாரித்துவிட்டு அதையும் சேர்த்துக்கொண்டான். எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டான். எத்தனையோ பேரை வாசலில் மடக்கி உள்ளே கொண்டுவந்தவனுக்காக ஒருத்தர்கூடக் கை தூக்கவில்லை. எனக்கு அந்த ஹாலில் இருந்த அத்தனை பேர் மேலும் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

“எதிர்ப்பு இல்ல. தீர்மானம் நிறைவேறிடுச்சு,” என்று அறிவித்துவிட்டு, உலை இன்னும் கொதிக்காததால் எல்லாரும் கொஞ்ச நேரம் காத்திருக்கும்படி கேட்டுக்கொண்டான்.

பந்தியில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை என்றார்கள். உதயகுமார் ரசம் வாளியோடு வந்தபோது பரமசிவம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கண்ணில் உண்மையான பாசம் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அடுத்த வருசமும் நீதாம்பா வந்து நடத்தணும். உன்னை விட்டா யாரு இருக்காங்க, சொல்லு. வேலைன்னு நெனைக்காத. நம்ம சங்கம்னு நெனைச்சுக்கினு வந்துரு.”

உதயகுமார் அவர் இலையில் ரசத்தை ஊற்றினான்.

“தேதியை மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க தலைவரே,” என்றான். “ஹால் பிடிக்கணும்.”