சந்தையில் பச்சைத் துண்டு அண்ணனைக் கூப்பிட்ட வாய்

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் என்னைப் போல மைக் பிடிக்க இன்னொரு ஆள் கிடையாது. இது பொய். நாமகிரிப்பேட்டையிலேயே என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் என் மனைவி. அவருக்கு மைக்கே தேவையில்லை. நான் மூன்றாம் வகுப்பிலேயே வாத்தியாருக்கு விடுதலை கொடுத்தவன். அதனால் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவரும் அவர்தான். மேலே இருக்கிற வரியை எழுதும்போதே ஒரு முறை முறைத்துவிட்டார்.

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழாவான நோம்பி, எழவு எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டி மைக்கில் பேசுவதுதான் என் பிழைப்பு. எழவு வீட்டைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் சிரிக்க வைப்பேன். அப்படி ஒரு நாள் நான் சிரிக்க வைத்ததில், சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு அம்மா சேலம் ஆஸ்பத்திரிக்கு ஏற வேண்டிய பஸ்ஸில் ஏறாமல் போனார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மஞ்சள் வெட்டு முடிந்து ஊரில் கொஞ்சம் காசு புழங்கிய சமயம். எங்கள் பக்கத்தில் கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. ரத்தம் சுத்திகரிக்கிற டயாலிசிஸ் மிசின் ஒன்று அங்கே வாங்க வேண்டும் என்று வசூலுக்கு ஏற்பாடு செய்தார்கள். அதுவரை எங்கள் பக்கத்து நோயாளிகள் வாரத்தில் இரண்டு முறை சேலத்துக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். சந்தை நாளில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு எவர்சில்வர் குடம், குடத்துக்குப் பக்கத்தில் நான்.

பெரிய சிஸ்டர் முன்னாலேயே சொன்னார். "அண்ணா, விஷயத்தை மட்டும் சொல்லுங்க. பேரு, தொகை எதுவும் மைக்ல வேண்டாம். குடுக்கறவங்க குடுக்கட்டும்."

"சரிங்க சிஸ்டர்" என்றேன். அவர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நோம்பி வசூலில் நான் பழகியது வேறு. பேரையும் தொகையையும் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். அப்போதுதான் பங்காளி பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று அடுத்தவன் ஒரு நோட்டு கூடுதலாகப் போடுவான். எங்கள் ஊர்களில் பாதி கோபுரம் அப்படி எழும்பியதுதான். ஆஸ்பத்திரி மட்டும் என்ன, வேறு ஊரிலா இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆரம்பித்தேன். மஞ்சள் மண்டிக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், வந்தார். "மண்டி அண்ணன் போட்டுட்டாருங்க, அரிசிக்கடை அண்ணன் அப்பவே புடிச்சு எடைக்கல்லையே பாத்துட்டு இருக்காருங்க" என்றேன். அரிசிக்கடைக்காரர் வந்தார். சந்தையே சிரித்தது. குடம் நிறைய நிறைய எனக்குத் தலை கனத்தது.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பச்சைத் துண்டு, கையில் ஒயர் கூடை. குடத்தைப் பார்ப்பதும் பஸ் வருகிற திசையைப் பார்ப்பதுமாக நின்றார். பக்கத்தில் கல் மேல் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. அது என் கண்ணில் பட்டது. பட்டும் புத்திக்குப் போகவில்லை.

"ஏனுங்க, பச்சைத் துண்டு அண்ணா" என்று மைக்கில் இழுத்தேன். "நம்ம நாமக்கல் கோழிதான் முட்டை போடும். மடியில வெச்ச காசு எத்தனை நாள் வெச்சாலும் முட்டை போடாதுங்க. எறக்கி உடுங்க."

சந்தை கொல்லென்று சிரித்தது. கல் மேல் இருந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பச்சைத் துண்டு அண்ணன் மனைவியின் முகத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு மேஜைக்கு வந்து, இடுப்பில் முடிந்து வைத்திருந்த கைக்குட்டையை அவிழ்த்து, மடித்த நோட்டுகளை அப்படியே குடத்தில் போட்டார்.

"பேரு சொல்லுங்கண்ணா."

"பேரெல்லாம் எதுக்குங்க சாமி" என்றார். திரும்பி நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் சேலம் பஸ் வந்தது. கண்டக்டர் விசிலை ஊதிக் கூப்பிட்டார். அவர்கள் இருவரும் ஏறவில்லை. பஸ் போய்விட்டது. அதற்கும் நான் சும்மா இருக்கவில்லை. "பாத்தீங்களா, நம்ம பேச்சைக் கேக்கறதுக்கு பஸ்ஸையே உட்டுட்டாங்க" என்றேன். அதற்கும் சிரிப்பு. வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் ஒன்றே ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால், இதைத்தான் எடுப்பேன்.

ஐந்தாறு நாள் கழித்துப் பக்கத்துக் காட்டுத் தோட்ட வீட்டிலிருந்து ஒரு எழவு ஆர்டர் வந்தது. ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு போனேன். தென்னை மரத்தில் ஏறிக் கட்டிவிட்டு இறங்கி, இறந்தது யார் என்று கேட்கலாமென்று பந்தலுக்குள் தலையை நீட்டினேன். கட்டிலில், சந்தையில் கல் மேல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா. கால்மாட்டில் பச்சைத் துண்டு அண்ணன்.

நீட்டிய தலையை இழுத்துக்கொண்டேன். அந்த அம்மாவின் தம்பி என்னைப் பார்த்துவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"அன்னிக்கு அக்காளுக்கு சேலத்துல ரத்தம் சுத்தி பண்ற நாளுங்க. ஊசிக்கும் ஆட்டோவுக்கும்தான் மாமன் அந்தக் காசை முடிஞ்சு வெச்சிருந்தாரு. அதைத்தான் குடத்துல கொட்டிட்டாரு."

"யாருகிட்டயாவது கேட்டிருக்கலாமுங்களே" என்றேன்.

"எப்படீங்க கேக்கறது? சந்தையே பாக்க மைக்ல குடுத்த மனுசன், அடுத்த நிமிசம் அதே சந்தையில ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கை நீட்டுவாருங்களா? ஒரு தடவைதானே, அடுத்த தடவை போய்க்கலாம்னு அக்காளே சொல்லிப்போட்டுது. ரெண்டாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சுன்னாங்க. அப்பறம் தூக்கிட்டு ஓடி என்ன பண்றது."

எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் ஸ்பீக்கர் மரத்தில் இருந்தது. அண்ணன் அருகில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஊரெல்லாம் பேசி விற்ற வாய், அன்றைக்குப் பார்த்துக் கடையைச் சாத்திக்கொண்டது. அவரே என் கையைத் தட்டினார்.

"நீங்க சொன்னதுக்காக மட்டும் போடலீங்க சாமி. நம்ம பக்கமே மிசின் வந்துட்டா, இவளைச் சேலம் வரைக்கும் அலைய உட வேண்டாம்னு பாத்தனுங்க."

மனைவியின் காலை மூடியிருந்த துணியைச் சரியாக இழுத்துவிட்டார். பிறகு, "அன்னிக்கு நீங்க முட்டைன்னு சொன்னதுக்கு இவ சிரிச்சா பாருங்க. ஆறு மாசமாச்சுங்க இவ சிரிச்சு" என்றார்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்றைக்கு நான் மைக்கைத் தொடவில்லை. கூலியும் வாங்கவில்லை. அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வாங்கியிருந்தால் என் மனைவி வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். இதை எழுதும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

மறுநாள் சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த ஒரு நாள் தவறுனதாலதான்னு டாக்டர்கூட உறுதியா சொல்ல மாட்டாரு. ஆனா அதனால இல்லைன்னு உங்களுக்குப் பொய் சொல்லவும் என்னால முடியாதுண்ணா" என்றார். அந்த அம்மாவின் தம்பியிடம் தொகையைக் கேட்டு, அந்தக் காசை அவரே எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். போட்டது போட்டதுதான் என்று அண்ணன் வாங்க மறுத்துவிட்டாராம்.

மிசின் வந்தது. இப்போது எங்கள் பக்கத்து ஆட்கள் சேலத்துக்கு அலைவதில்லை. வந்த முதல் நாள் பச்சைத் துண்டு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று, யாரோ ஒரு அம்மா படுத்திருந்த கட்டிலையும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மிசினையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தூண் மறைவில் நின்றேன். அவர் போன பிறகுதான் வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரிக்காக இப்போதும் வசூலுக்குப் பேசுகிறேன். சிஸ்டர்தான் விடாமல் கூப்பிடுகிறார். ஆனால் குடத்துக்கு முதுகைக் காட்டி நின்றுதான் பேசுவேன். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று எனக்குத் தெரியக் கூடாது. குடமும் முன்பு மாதிரி நிறைவதில்லை. ஆஸ்பத்திரி வசூல் கமிட்டி ஆட்களுக்கு அதில் என் மேல் வருத்தம்தான். போன மாதம் அவர்களில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய மாதிரி ரெண்டு பேரையாவது பேர் சொல்லிக் கூப்பிடுப்பா என்றார். முடியாது என்றேன். அதற்கு அவர்...

வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. "அண்ணா, ஸ்பீக்கரை ஏத்தியாச்சு, வாங்க, சந்தை கூடிருச்சு" என்று டிரைவர் கூப்பிடுகிறார். இன்றைக்கும் ஆஸ்பத்திரி வசூல்தான், போக வேண்டும். காசு போடாமல் நிற்கிற ஒருவர் எதைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாரோ, அது எனக்குத் தெரியாது என்கிற ஒரு பாடத்தை மட்டும்தான் இந்த மூன்றாம் வகுப்புக்காரன் உருப்படியாகப் படித்திருக்கிறான். அதற்கு அந்த அம்மா கொடுத்தது மிகவும் அதிகம்.