தூள் அறையில் ஒரு தாடி

ஆலத்தியூர்ப் பக்கம், சிமெண்டில் கலக்கும் நானோ சிலிக்காவை மூட்டை கட்டும் சின்ன ஆலையில் நான் பாதுகாப்பு அலுவலர். தினமும் பெரம்பலூரிலிருந்து பஸ். அந்த வெள்ளைத் தூளின் துகள் கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும். சிமெண்ட் தூசியில் வளர்ந்தவர்களிடம் சொன்னால், "தெரியவே தெரியாதது என்ன மேடம் பண்ணிரும்?" என்பார்கள்.

அதனால் முகமூடிச் சோதனை. தலையில் ஒரு பையைக் கவிழ்த்து, உள்ளே இனிப்புத் திரவம் தெளிப்பேன். முகமூடி இல்லாமல் இனிக்க வேண்டும். முகமூடியோடு இனிக்கக் கூடாது. இனித்தால் எங்கோ இடைவெளி.

மூட்டை கட்டும் அண்ணனுக்குக் கழுத்தை மறைக்கும் தாடி. மனைவிக்கு எட்டு மாதம். பிரசவம் முடியும்வரை சவரம் கிடையாது. தாடிமேல் முகமூடி ஒட்டாது. ஒட்டாதவர் தூள் அறையை விட்டு, வெயிலில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போக வேண்டும். "ஒரு தடவ சோதிச்சுப் பாருங்க மேடம்" என்று கெஞ்சினார். எதைக் கேட்டாலும் 'இல்லை' சொல்லும்படி நண்பர்கள் பழக்கியிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் முகமூடி இல்லாமல் தெளித்தேன்.

"இனிக்குதாண்ணே?"

"இல்லைங்க."

முப்பது முறை தெளித்தேன். தாடி நனைந்துவிட்டது.

"சுத்தமா இல்லைங்க மேடம்."

வரிசையிலிருந்து ஒரு குரல்: "யோவ், ஒதட்ட நக்காதய்யா!"

இனிப்பு தெரியாதவருக்கு விதிப்படி கசப்புத் திரவம். ஒரே தெளிப்பு. அவர் கண்ணில் நீர் கொட்டியது.

"கசக்குதா?"

"இ... இல்லைங்க."

பையைக் கழற்றித் தண்ணீர் கொடுத்தேன். "தாடிய எடுக்க மட்டும் சொல்லிராதீங்க. அவ நல்லபடியா பெத்தெடுக்கணும்" என்றார்.

"பொறக்குற புள்ளைக்கு உங்க நுரையீரலும் வேணும்ணே."

நோட்டில் எழுதினேன்: ஒன்று, தாடி. இரண்டு, நுரையீரல். மூன்று, வெயில். மூன்றுக்கும் ஒரே வழி, இடுப்பில் கட்டும் மோட்டார் வடிகட்டிய காற்றை உள்ளே ஊதும் தலையுறை. தோள்வரை தொங்கும், தாடி தடையில்லை. மேலாளரை நச்சரித்து ஒன்று வாங்கினேன். அது வரும்வரை அண்ணன் லாரியில்தான்.

அது வந்து, மாட்டியதும் கத்தினார்: "மேடம், உள்ள ஜில்லுன்னு காத்து வருதுங்க!"

அடுத்த திங்கள்கிழமை மூன்று பேர் சவரம் செய்யாமல் வந்தார்கள். அதில் ஒருவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"உங்களுக்கு என்னண்ணே வேண்டுதல்?"

"ஆவறதுக்குத்தான் மேடம்."

பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் வழவழப்பான முகத்தோடு மிட்டாய் கொண்டுவந்தார். இனி சாதாரண முகமூடியே போதும் என்று சொல்லி, அதை மாட்டிவிட்டு, பையைக் கவிழ்த்தேன்.

"இனிக்குதுங்க மேடம். பயங்கரமா இனிக்குது" என்றார்.

நான் இன்னும் பாட்டிலைத் திறக்கவில்லை.