தகர டின்னில் நின்ற பஸ் ஸ்டாப்

பிள்ளைகளே, நம் வீட்டுப் பக்கம் ரோட்டைத் தோண்டினாலே நீங்கள் இரண்டு பேரும் முகத்தைச் சுளிக்கிறீர்கள். தூசி என்கிறீர்கள், ஸ்கூல் பஸ் சுற்றிக்கொண்டு போகிறது என்கிறீர்கள், ஸ்டாப்பை எங்கே கொண்டு வைத்தார்கள் என்றே தெரியவில்லை என்கிறீர்கள். புனேயில் வளர்ந்தால் இந்தப் பேச்சு தானாக வந்துவிடும். எனக்கும் வந்தது. நான் பேசியதோடு நிற்காமல் ஒரு ஸ்டாப்பையே நகர்த்திவிட்டேன். அந்தக் கதையைத்தான் எழுதியிருக்கிறேன். தமிழில் இருக்கிறதே என்று ஓடாமல் மெதுவாக எழுத்துக்கூட்டியாவது படியுங்கள்.

அப்போது நாங்கள் இதே புனேயில், கட்கி பக்கம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஃபாக்டரி வேலை. ஒரு அறை, ஒரு சமையலறை. அதற்குள் அப்பா, அம்மா, அக்கா, நான், பிரசவத்துக்கு வந்து தங்கிய அத்தை, அத்தையின் கைக்குழந்தை, வேலை தேடி ஊரிலிருந்து வந்த சித்தப்பா. ஒருவர் இருமினால் மற்ற எல்லோரும் திரும்பிப் பார்க்கிற வீடு. அப்பாவும் அம்மாவும் அதில் பேசிக்கொண்டது சிலிண்டர் தீர்ந்ததா, குழாயில் தண்ணீர் வந்ததா, அவ்வளவுதான்.

அம்மா சிவாஜிநகர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற வேலைக்குப் போனாள். பஸ் ஸ்டாப் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு நேர் எதிரே. காலையில் பஸ் வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா செருப்பைத் தேடுவாள். அப்படியும் பிடித்துவிடுவாள்.

ஒரு நாள் பெரிய குழாய் போட வேண்டுமென்று வாசலில் ரோட்டைத் தோண்டினார்கள். பஸ் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தது. ஆனால் அங்கே நிற்காது. ஸ்டாப்பைத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். ஸ்டாப் என்றால் என்ன? பெயிண்ட் டின் ஒன்றில் சிமெண்டைக் கொட்டி, நடுவில் ஒரு குழாயை நட்டு, மேலே பலகை. பலகை எங்கே இருக்கிறதோ அங்கே வரிசை நிற்கும். வரிசை எங்கே நிற்கிறதோ அங்கே டிரைவர் பிரேக் போடுவார்.

குவார்ட்டர்ஸே புலம்பியது. தமிழில், மராத்தியில், தெலுங்கில் என்று எல்லா பாஷையிலும் புலம்பியது. மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அம்மா இருபது நிமிஷம் நடக்க வேண்டியதாயிற்று. அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே போனார். ஃபாக்டரி இருந்ததோ நேர் எதிர்த் திசையில். அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு, திரும்பி, மூச்சு வாங்க மிதித்து, போங்கா ஊதி முடிவதற்குள் கேட்டுக்குள் நுழைய வேண்டும். ஃபாக்டரிச் சங்குக்கு எங்கள் வீட்டில் போங்கா என்றுதான் பேர்.

பின்னால் உட்கார வைத்து மிதிக்கலாமே என்று நான் கேட்டதற்கு, பள்ளமும் மேடுமாக இருக்கிறது, விழுந்துவிடுவோம் என்றார். சித்தப்பா விடவில்லை. "எங்கண்ணன் சைக்கிளுக்கு நடை பழக்கறாரு, அடுத்த மாசம் ஓட்டப் பந்தயத்துல விடப் போறாரு" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு நாள் பள்ளிக்குப் போகும்போது தூரத்தில் அவர்களைப் பார்த்தேன். வீட்டில் வாயே திறக்காத அப்பா ஒரு கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டு போனார். அம்மா நின்று, சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் ஒரு எருமை நின்றது. அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, "அப்பாடா, பாதம் விண்ணு விண்ணுனு தெறிக்குது" என்றாள். அது எனக்கு மனதில் தைத்துவிட்டது. பெரியவர்கள் மனு எழுதிக்கொண்டே இருக்கட்டும், அம்மா காலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டுப் பாண்டு என் வகுப்பு. மறுநாள் பள்ளி விட்டதும் இரண்டு பேரும் தொட்டிக்கு அந்தப் பக்கம் போனோம். டின்னைச் சாய்த்து உருட்டினோம். பலகை தரையில் இடித்தது, என் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்ட ஒரு மாமாவிடம் பாண்டு மராத்தியில், ஆபீசர் சொல்லி அனுப்பினார் என்று கூசாமல் சொன்னான். டின்னைக் கொண்டுவந்து எங்கள் குவார்ட்டர்ஸின் பின்முனையில், பஸ் சுற்றிப் போகிற இடத்தில் நிறுத்தினோம்.

காலையில் நான் நினைத்தபடியே நடந்தது. பலகையைப் பார்த்து வரிசை நின்றது. வரிசையைப் பார்த்து பஸ் நின்றது. அம்மாவும் அப்பாவும் சைக்கிளோடு வெளியே வந்து, பின்முனை திரும்பினார்கள். அவ்வளவுதான், ஸ்டாப் வந்துவிட்டது. அம்மா ஏறிக்கொண்டாள். அப்பா சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி பஸ் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். போங்காவுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

இப்படி மூன்று நாள். குவார்ட்டர்ஸ்காரர்கள் தங்கள் மனுதான் வேலை செய்தது என்று சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் வலி என்று அவள் சொல்லவே இல்லை. அதற்காக முகம் தெளிந்துவிடவும் இல்லை. பழையபடி சிலிண்டர், பழையபடி தண்ணீர். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், டின்னை உருட்டியது நான்தான் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். பாராட்டுவார்கள் என்று நம்பி, நகம் பெயர்ந்த விரலையும் காட்டினேன். அம்மா விரலைப் பிடித்து ஊதிவிட்டாள். அப்பா டின்னை எந்த வழியாக உருட்டினோம் என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடே சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. அப்பாவையும் அம்மாவையும் காணவில்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். நான் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த டின்னை அப்பா குனிந்து உருட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பின்னால் அம்மா, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப் போய் வழியை மறித்தேன்.

"ஏம்ப்பா? அம்மாவுக்குக் கால் வலிக்குமே."

அப்பா நிமிர்ந்தார். கையெல்லாம் துரு. "கவர்மெண்ட் சாமான்டா. நீ பாட்டுக்கு நகர்த்தலாமா? தொட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க எங்க போய் ஏறுவாங்க? பாவம், மூணு நாளா தவிச்சிருப்பாங்க."

அது நியாயம்தான். நான் செய்தது தப்பு. நீங்களும் பொதுச் சாமானில் கை வைக்காதீர்கள். ஆனால் அப்பா அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன். அங்கே எருமைகூட இல்லை.

மழைக்கு முன்னால் ரோட்டு வேலை முடிந்தது. புதுத் தார் பளபளத்தது. டின் போய், வாசலுக்கு எதிரே பழைய இடத்திலேயே ஸ்டாப் வந்தது. குவார்ட்டர்ஸில் பேடா கொடுத்தார்கள். அம்மா தன் பேடாவை எனக்கே கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"இன்னும் கொஞ்ச நாள் தோண்டியிருக்கலாம்."

ரோட்டைத் தோண்டச் சொல்லி மனு போடப்போகிற ஒரே ஆள் இந்த ஊரிலேயே அண்ணிதான் என்று சித்தப்பா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். அம்மாவுக்கு ரோட்டைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்து, இரண்டு பேடாவையும் தின்று முடித்தேன்.