ஒரு அடி விட்டு வரைந்தவர்

இரண்டு லே-அவுட் குடும்பங்களுக்கும் வணக்கம். இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

புதன்கிழமை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, சுப்பிரமணியம் அண்ணனின் மனைவி, அழைத்தார். "உங்கண்ணன் போயிட்டாருங்க, கண்ணு."

சுப்பிரமணியம் அண்ணனைக் கிழக்கு லே-அவுட்காரர்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீதிகளையும் எங்கள் வீதிகளையும் காகிதத்தில் வரைந்தவர் அவர்தான்.

நாங்கள் சைட் வாங்க வந்த அன்று வரைபடத்தை விரித்துக் காட்டினார். வீதி முடிகிற இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"அது ஒரு அடி நிலமுங்க, அம்மிணி. விக்கிறதுக்கில்ல. தோட்டத்துக்காரங்க அண்ணன் தம்பிக்கு ஆகாதுங்க. பெரியவரு தன் பங்குத் தோட்டத்த சைட் போட்டப்போ, கிழக்கால இருக்கற தம்பி சைட்டுக்கு நம்ம ரோடு உதவக் கூடாதுன்னு விடச் சொன்னாரு. தம்பி சும்மா இருப்பாருங்களா? செவுரே கட்டிப்போட்டாரு."

"ஒரு அடியில என்னங்ணா வெளையும்?"

"வீம்பு நல்லா வெளையுமுங்க!"

இருவரும் சிரித்தோம்.

போன வருடம் பாப்பாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. மெயின் ரோட்டைச் சுற்றிப் போக நேரமில்லை. அண்ணன் அந்தப் பக்கம் ஆட்டோவை வரச் சொல்லி, ஏணி போட்டுச் சுவரில் ஏறி, விறைத்துக் கிடந்த குழந்தையை அக்காவிடமிருந்து வாங்கி, அந்தப் பக்கம் இறங்கியிருந்த என் கையில் கொடுத்தார்.

அதன்பிறகு சுவரைப் பற்றி அவர் கேலி பேசவில்லை. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவார். சுற்றிலும் தோட்டங்கள் சைட்டுகளாகி, ஒவ்வொரு வீதியும் எங்கேயோ முட்டி நிற்கும். "தோட்டத்துக்கு நடுவால இட்டேரி போச்சுங்க. மாட்டுவண்டி போன வழியில இன்னைக்கு ஆள் போக முடியல. எல்லாம் நான் போட்ட கோடு."

சுவரை எடுக்கச் சொல்லி அந்தத் தோட்டத்துக்கார அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்கும் நடையாய் நடந்தார். பெரியவர் ஒப்புக்கொண்டார். தம்பியோ, "ரெண்டு பக்கத்து ஊட்டுக்காரங்களும் சம்மதம்னு எழுதிக் குடுங்க, செவுர எடுத்தர்றேன்" என்றார். நம்மில் சிலர், கண்ட வண்டியும் உள்ளே வரும் என்று தயங்கினோம்.

புதன்கிழமை மதியம் அண்ணனுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம். டிரைவர் போனில், "மேப்புல ரோடு இருக்குதுங்களே, மேடம்" என்றார். சுவருக்கு மேலே அதன் விளக்கு மட்டும் சுழன்றது. அண்ணன் கண்ணைத் திறந்து, "வந்துட்டாங்களாட்ட இருக்குது" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. மெயின் ரோட்டைச் சுற்றி எங்களிடம் வருவதற்காக அந்தச் சைரன் சத்தம் எங்களை விட்டு விலகிப் போகத் தொடங்கியது. மெல்ல மெல்லத் தேய்ந்து, கேட்காமலே போனது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மறுபடி அது கேட்டபோது அண்ணனுக்கு நினைவில்லை.

மறுநாள் அவரை எடுத்துப்போக வந்த அமரர் ஊர்தியும் அதே மேப்பைப் பார்த்து அந்தப் பக்கமே வந்து நின்றது. சுவருக்கு மேலே அதன் பூமாலைகள் தெரிந்தன.

போய் வாருங்கள் அண்ணா. நீங்கள் கேட்டுக்கொண்டிருந்ததை இனி நான் கேட்கிறேன்.

பாப்பாவுக்கு இன்றும் உடம்பு சுடுகிறது. சுவரை எடுக்கச் சம்மதமா என்று வீட்டு எண்ணோடு எனக்குச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.